மேட்ச் கேட்டுப் போனவன்

ஒவ்வொரு வருடமும் ஜூன் கடைசியில் அட்மிஷன் கூட்டம் அடங்கியதும், மூலக்கடையில் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போய் நீளவாக்கு நோட்டு ஒன்று வாங்குவேன். கடைக்காரர்கள் கணக்கு எழுதுவார்களே, சிவப்புக் கோடு போட்டது, அது. இடது பக்கம் டீமின் பெயர், யாரிடம் பேச வேண்டும், அவருக்கு எந்த நேரம் தோது என்ற விவரம். வலது பக்கம் தேதி, கிரவுண்டு, ஸ்கோர். ஓரத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அந்த மேட்சில் பையன்கள் என்ன தெரிந்துகொண்டார்கள் என்று அன்று சாயங்காலமே ஒரு வரி எழுதுவதற்கு. மாதவரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் 28 வருடம் பிசிக்கல் டைரக்டராக இருந்தேன். 28 நோட்டும் பரணில் இருக்கின்றன.

பிசிக்கல் டைரக்டர் என்றால் விசில் ஊதுபவர், ஸ்போர்ட்ஸ் டேக்குக் கோடு போடுபவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அதிக நேரம் செலவழித்ததோ போனில். எங்களை விடப் பெரிய டீம்களைக் கூப்பிட்டு, எங்களோடு ஒரு மேட்ச் ஆடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இதன் அவசியம் புரிய வேண்டுமானால் கல்லூரி ஃபுட்பால் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கல்லூரிகளை ஸோன் ஸோனாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். யாரோடு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். என் காலத்தில் ஆரம்பச் சுற்றுகள் எல்லாம் நாக்-அவுட். தோற்றால் அன்றோடு அந்த வருடம் முடிந்தது. அங்கே நன்றாக ஆடுகிற பையன்களிலிருந்துதான் யுனிவர்சிட்டி டீமைப் பொறுக்குவார்கள். அந்த டீம் தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. எர்ணாவூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வருகிற பையனுக்கு யுனிவர்சிட்டி கலர் போட்ட ஜெர்சி சும்மா வருவதில்லை. ரயில்வே, ஐ.சி.எஃப்., பேங்க் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பம் போட அவன் கையில் இருக்கப்போகிற காகிதம் அதுதான். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பையனாவது, "சார், இங்க டீம் இருக்குல்ல?" என்று கேட்பான்.

வாழ்க்கையைத் திருப்புகிற மேட்ச் வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான். எதிரே யார் என்பதைச் சீட்டு முடிவு செய்துவிடும். அதற்கு முன்னால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஸோனுக்கு வெளியே ஆடுகிற பத்துப் பன்னிரண்டு மேட்சை மட்டும்தான் என்னால் தேர்ந்தெடுக்க முடியும். அந்த மேட்சுகளுக்குப் பாயிண்டு கிடையாது, கப் கிடையாது, பேப்பரில் ஒரு வரியும் வராது. யாரோடு ஆடினீர்கள் என்று பல்கலைக்கழகம் கேட்கவும் கேட்காது.

முதல் மூன்று வருடம் நான் அதைத் தப்பாகச் செய்தேன். பையன்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று எளிய டீம்களாகப் பார்த்துப் பிடித்தேன். பக்கத்துப் பாலிடெக்னிக், புதிதாக ஆரம்பித்த கல்லூரிகள், ஷூ இல்லாமல் வருகிற பள்ளிக்கூட டீம்கள். மூன்றாவது வருடம் 14 மேட்ச் வரிசையாக ஜெயித்தோம். கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஸ்கோரை எழுதிப் போட்டேன். முதல்வர் அசெம்பிளியில் பாராட்டினார். அந்தச் செப்டம்பரில் முதல் சுற்றிலேயே சீட்டில் எங்களுக்கு எதிராக ஹாஸ்டல் வசதியுள்ள ஒரு பெரிய கல்லூரி விழுந்தது. அவர்கள் டீமில் பாதிப் பேர் கேரளத்துப் பையன்கள், இரண்டு பேர் மணிப்பூர். 20 நிமிஷத்தில் மூன்று கோல். மொத்தம் ஐந்து. எங்கள் பக்கம் கோலை நோக்கி ஒரு ஷாட் கூடப் போகவில்லை.

மேட்ச் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். காசிமேட்டுப் பையன் ஒருவன், எங்கள் ஹாஃப் பேக், ஷூவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். கோபமே இல்லாமல் கேட்டான்.

"சார், இவுங்கள மாதிரி டீமை ஏன் சார் முன்னாடியே எங்களுக்குக் காட்டல?"

என்னிடம் பதில் இல்லை. 14 வெற்றியும் சேர்ந்து அவனுக்கு ஒன்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை. தான் எந்த அளவில் இருக்கிறோம் என்பதையே அவனிடமிருந்து அவை மறைத்திருந்தன. மறைத்தது நான்.

வடசென்னைப் பையன்களின் ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பேப்பர்காரர்கள் எழுதுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பேட்டையிலிருந்து வந்த தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடி, இந்திய ஜெர்சியும் போட்டார். 2018-ல் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்து ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய டீமில் அவர் இருந்தார். இந்தத் திறமை சந்திலிருந்து வருகிறது. ஐந்து பேர், ஆறு பேர் ஆடுகிற ஆட்டம், இரண்டு பக்கமும் சுவர், நடுவில் நிற்கிற ஆட்டோ. அந்த இடுக்கில் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு அங்கே பந்தே கிடைக்காது. அதனால் எங்கள் பையன்களிடம் பந்து போனால் பிடுங்குவது கஷ்டம். ஆனால் முழு கிரவுண்டில் 11 பேர் ஆடும்போது பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே எட்டுப் பேர் போய் நிற்பார்கள். எதிராளி ஒரு நீளப் பாஸில் மறு பக்கம் திருப்பிவிட்டால் அங்கே நம் ஆள் ஒருவனும் இருக்க மாட்டான். தலைக்கு மேலே வருகிற பந்து, கார்னர், கடைசி 20 நிமிஷத்து மூச்சு, இந்த மூன்றும் சந்தில் கிடைக்காத பாடங்கள்.

பலமான டீம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பேங்க் டீம், ரயில்வே டீம் என்று சென்னை லீக் சீனியர் டிவிஷன் ஆடுகிறவர்கள் ஓடவே மாட்டார்கள். பந்தை ஓட விடுவார்கள். இடம் பிடிப்பது எப்படி என்று அவர்களிடம் கற்கலாம். ஆவடிப் பக்கத்துச் சீருடை டீம்கள் 90 நிமிஷமும் ஒரே வேகத்தில் ஓடுவார்கள். மலப்புரத்துப் பையன்கள் பந்தை வாங்குவதற்கு முன்பே அடுத்து எங்கே என்று முடிவு செய்திருப்பார்கள். நம் பையன்களுக்கு இந்த மாதம் எது குறைகிறது என்று பார்த்து, அந்தக் குறையைக் குத்திக் காட்டக்கூடிய டீமாகத் தேட வேண்டும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஃபுட்பால்காரர் இல்லை. ராயபுரத்தில் ஒரு பழைய பாக்சிங் வாத்தியார். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று வடசென்னையே பிரிந்து நின்ற காலத்தில் கோதாவில் நின்றவர். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர். சாயங்காலங்களில் ராபின்சன் பார்க் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த ஐந்து கோல் தோல்வியைச் சொல்லி, இனிமேல் பெரிய டீமாகப் பார்த்து மோத விடப்போகிறேன் என்றேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பையன் அடி வாங்கட்டும் மாஸ்டர், தப்பே இல்ல. ஆனா அடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியணும். தெரிஞ்சு வாங்குனா மறுநாள் கையத் தூக்குவான். தெரியாம வாங்குனா பயந்துக்குவான். அவ்ளோதான்."

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு மேட்சையும் எடை போட்டது அந்த வார்த்தையை வைத்துத்தான். மேட்ச் முடிந்ததும் பையன்களை வட்டமாக உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்பேன்: "கோல் எங்கேர்ந்து வந்தது?" கோல் விழுந்த இடத்தைச் சொன்னால் போதாது. அது ஆரம்பித்த இடத்தைச் சொல்ல வேண்டும். "த்ரோ எடுக்கும்போது நான் திரும்பி நின்னேன் சார், அங்கேர்ந்து" என்று ஒருவன் சொன்னால், 0-4 தோற்றிருந்தாலும் அது சரியான மேட்ச். "தெரியல சார், வந்துட்டே இருந்தாங்க" என்றால் அந்த டீம் எங்களுக்கு இன்னும் ஒரு வருடம் கழித்து வர வேண்டிய டீம். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே பென்சிலில் அடுத்த வருடத்தின் எண்ணை எழுதிவிடுவேன்.

ஆனால் பெரிய டீம் ஏன் எங்களோடு ஆட வேண்டும்? ஜெயித்தால் அவர்களுக்குப் பெயரில்லை. எங்கள் பையன் ஒருவன் அவசரத்தில் காலை வாரிவிட்டால் அவர்களுடைய லீக் ஆட்டக்காரன் ஒரு மாதம் உட்கார வேண்டும். "எங்களுக்கு என்ன சார் லாபம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. பதிலை நான் தயார் செய்துகொண்டு போக வேண்டும். லீக் ஆரம்பிக்கும் முன்பு பெரிய டீம்களுக்குப் பெஞ்சில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அடிபட்டு ஆறி வந்தவனை அரை மணி நேரம் இறக்கிப் பார்க்க ஒரு மேட்ச் தேவைப்படும். நேரு பார்க்கும் கண்ணப்பர் திடலும் வேறு ஆட்களுக்குப் போய்விட்ட ஞாயிற்றுக்கிழமையில் நல்ல கிரவுண்டு தேவைப்படும். இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதற்காகவே லீக் மேட்ச் நடக்கும் இடங்களுக்குப் போய் கேலரியில் உட்காருவேன்.

எங்களிடம் கொடுப்பதற்கு இருந்தது கிரவுண்டு ஒன்றுதான். மாதவரத்தில் பால் பண்ணை, கால்நடைப் பல்கலைக்கழகம், ரெட்டேரி என்று இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்த காலம் அது. எங்கள் மண்ணில் ஈரம் தங்கும், புல் பிடிக்கும். கட்டாந்தரையில் ஆடிப் பழகிய டீம்களுக்கு அதுவே பெரிய ஆசை. சனிக்கிழமை சாயங்காலமே சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, பந்துக்குக் காற்றடித்து வைத்துவிடுவேன். பையன்களின் சீனியர் ஒருவன் நடுவராக நிற்பதைப் பெரிய டீம்கள் ஏற்க மாட்டார்கள் என்பதால் ஃபுட்பால் சங்கத்தில் பதிவான ரெஃப்ரியை என் கைக்காசில் வரவழைப்பேன். மேட்ச் முடிந்ததும் இட்லி, வடை, பொங்கல். மூலக்கடையில் தள்ளுவண்டி போட்டிருந்த ஒரு அக்கா அலுமினிய அடுக்கில் கட்டி ஆட்டோவில் அனுப்புவார். சாம்பார் ஆறியிருந்ததே இல்லை. அடுத்த வருடம் போன் செய்யும்போது, "சார், அந்த அக்கா வடை உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கிட்டத்தில் நின்று சொல்கிறேன். லீக்கில் முன்வரிசையில் இருந்த ஒரு அலுவலக டீம் வந்தது. காலை ஆறரைக்கு ஆட்டம். அரை மணி நேரத்துக்குள் எங்களுக்கு எதிராக நான்கு கோல். பிறகு அவர்கள் பெஞ்ச் ஆட்களை இறக்கினார்கள், அப்படியும் இரண்டு. 0-6. என் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு ஷூ லேஸை அவிழ்க்கிறார்கள். அவர்களுடைய ஸ்டாப்பர் பேக், முப்பத்தைந்தைத் தாண்டியவர், இரண்டு முட்டியிலும் நீ-கேப், எங்கள் ஸ்டாப்பர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். கோல் போஸ்ட் பக்கம் கிடந்த ஜல்லிக்கல்லில் நான்கைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். எங்கள் நாலு பேக். வடை சுற்றி வந்த காகிதத்தைக் கசக்கி உருட்டிப் பந்தாக்கினார். காகிதத்தை வலது பக்கம் கொண்டு போனார்.

"பந்து இங்க வந்தா நீ எங்க நிக்கணும்?"

பையன் தன் கல்லைப் பந்துக்குப் பக்கத்தில் நகர்த்தினான். அவர் ஒன்றும் சொல்லாமல் காகிதப் பந்தை இடது பக்கம் தூக்கிப் போட்டார். அங்கே கல்லே இல்லை. பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே நான்கு கல்லையும் ஒன்றாகச் சேர்த்து, பாதி தூரம் மட்டும் நகர்த்தி வைத்தான். கடைசிக் கல்லை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தான். "ம்" என்றார் அவர். எழுந்து போய் இரண்டாவது வடை எடுத்துக்கொண்டார். அன்று நோட்டின் கட்டத்தில் நான் எழுதியது: "நாலு கல்லும் ஒரு கயிறு." மூன்று வாரம் அதை மட்டுமே பழகினோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டே நாலு பேரையும் நடக்க விட்டேன்.

சில ஞாயிறுகளில் மேட்சே நடக்காது. ஒருமுறை வருவதாகச் சொன்ன டீம் காலை ஆறே காலுக்குப் போன் செய்து வரவில்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. எண்ணூர்ப் பையன்கள் முதல் மின்சார ரயிலைப் பிடித்து, கொருக்குப்பேட்டையில் இறங்கி, பஸ் மாறி வந்திருந்தார்கள். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் வந்து சேர முடியாது என்று நான்கு மணிக்கே எழுந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஹார்பரில் வேலை செய்கிற அண்ணன்மார் சிலர் ஞாயிறுதோறும் பக்கத்துத் திடலில் ஆடுவார்கள். ஓடிப் போய்க் கூப்பிட்டேன். எல்லோருக்கும் நாற்பது வயதுக்கு மேல். ஒருவர் காலில் ஷூ இல்லை. அவர்களிடம் 2-3 தோற்றோம். ஆஃப்சைடு கோட்டில் எப்படி நின்று ஏமாற்றுவது, த்ரோவை எவ்வளவு தாமதமாக எடுப்பது, பந்து இல்லாதபோது எதிராளியின் வழியில் எப்படிச் சும்மா நிற்பது, இதெல்லாம் எந்தக் கோச்சும் சொல்லித் தராத வித்தை. அடுத்த வருடத்திலிருந்து அவர்களை முறையாகவே நோட்டில் சேர்த்துவிட்டேன்.

2003 ஆகஸ்டில் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அப்போது எனக்கு வேகம் வந்திருந்தது. பெரிய டீம்களே என்னிடம் தேதி கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கிடைக்கிற தேதியை விடக் கூடாது என்று ஒன்பது நாளில் மூன்று மேட்ச் போட்டுவிட்டேன், மூன்றும் எங்களை விட இரண்டு படி மேலே இருந்த டீம்கள். மூன்றாவது மேட்சில் எர்ணாவூரிலிருந்து வந்த எங்கள் லெஃப்ட் பேக் எழுபதாவது நிமிஷத்தில் திரும்பி ஓடப் பார்த்தான். கால் மண்ணில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஒருவனும் அவனைத் தொடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதற்குப் பத்து நிமிஷம் முன்பு அவன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டியிருந்தான், மாற்றுங்கள் என்று. இன்னும் கொஞ்சம் தாங்கு என்று நான் சைகை செய்தேன்.

முட்டி ஜவ்வு கிழிந்திருந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவன் அம்மா மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "உங்கள நம்பித்தான சார் அனுப்புறேன்" என்றார், அவ்வளவுதான். அவன் அதற்குப் பிறகு போட்டியில் ஆடவில்லை. அன்றைக்கு நோட்டின் கட்டத்தில் எழுதியது இரண்டே வார்த்தை: "என் தப்பு." இன்றைக்கும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம், ஒரே ஒரு பயணம் தவிர, இரண்டு பெரிய மேட்சுக்கு நடுவில் பத்து நாள் இடைவெளி இல்லாமல் நான் தேதி கொடுத்ததில்லை. பையன் கையைக் காட்டினால் அடுத்த நிமிஷம் மாற்றிவிடுவேன். பல மேட்சுகளை 60 நிமிஷமாகவே பேசி முடித்தேன். எதிரே இருந்த கோச்சுகள் முகம் சுளித்தாலும் சரி.

கேரளத்துக்குப் போனது அடுத்த வருடம். மங்களூர் மெயிலில் சென்ட்ரலில் ஏறி விடிகாலையில் திரூரில் இறங்கினோம். ரிசர்வேஷன் எட்டுப் பேருக்குத்தான், மீதிப் பேர் மாறி மாறிப் படுத்தார்கள். செலவில் பாதியை மாதவரத்தில் லாரி வைத்திருந்த பழைய மாணவர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். மலப்புரம் ஜில்லாவில் ஃபுட்பாலை எப்படி மதிக்கிறார்கள் என்று நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது சிரமம். அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் பாக்கு மரமும் கட்டிக் கேலரி எழுப்பி, விளக்குப் போட்டு, ராத்திரியெல்லாம் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் நடத்துகிற ஊர் அது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து ஆட வைப்பார்கள். 2022 மே மாதம் மஞ்சேரிப் பய்யநாடு ஸ்டேடியத்தில் கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று சந்தோஷ் டிராபியை வாங்கியபோது, அந்தக் கூட்டத்தின் இரைச்சலைப் போனில் கேட்டதும் எனக்கு அந்தப் பழைய பயணம்தான் ஞாபகம் வந்தது.

இரண்டு மேட்ச் ஆடினோம். கோழிக்கோடு பல்கலைக்கழகம் அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்றது. அதில் சேர்ந்த ஒரு கல்லூரியோடு முதல் மேட்ச். 1-4. பொழுது சாய்ந்து ஆட்டம் என்றாலும் ஊர்க்காரர்கள் ஐநூறு பேர் வந்து நின்றார்கள். அங்கே நல்ல பாஸுக்கே கை தட்டுகிறார்கள், கோலுக்குக் காத்திருப்பதில்லை. எங்கள் டீமில் இருந்த வியாசர்பாடிப் பையன் ஒருவன் மூன்று பேருக்கு நடுவில் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது எழுந்த சத்தத்தை அவன் இன்னும் மறந்திருக்க மாட்டான். ராத்திரி லாட்ஜில் அதே கேள்வி கேட்டேன். நான்கு கோலும் எங்கிருந்து வந்தன என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். மறுநாள் விட்டு மறுநாள் இரண்டாவது மேட்ச், பெஞ்சிலிருந்தவர்களைக் கலந்து இறக்கி, 60 நிமிஷம். 1-1. எங்கள் கோல் வலது பக்கம் கூட்டம் சேர்த்து, இடது பக்கம் திருப்பிப் போட்ட கோல். கல் வைத்துப் படித்த பாடத்தை இந்த முறை எதிராளிக்கு நடத்தினார்கள்.

அமெரிக்காவில் இப்படி மேட்ச் பேசி வைப்பதையே பெரிய வியாபாரமாக நடத்துகிறார்கள் என்று 2007-ல் தெரிந்தது. வட கரோலினாவில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த பழைய மாணவன் ஒருவன் ராத்திரியில் போன் செய்தான், குரலே மாறியிருந்தது. அங்கே ஃபுட்பால் என்றால் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு மோதுகிற வேறு ஆட்டம். கல்லூரிகள் கூட்டமைப்பு கூட்டமைப்பாகப் பிரிந்து ஆடும், நம் ஸோன் மாதிரி. அதற்கு வெளியே சில மேட்சுகளை அவரவரே பேசி வைத்துக்கொள்வார்கள். பெரிய கல்லூரி சின்னக் கல்லூரியைப் பணம் கொடுத்துத் தன் ஊருக்கு அழைக்கும், எளிதாக ஒரு வெற்றி கிடைக்குமே என்று. அப்படி 4 லட்சம் டாலர் கொடுத்து மிச்சிகன் பல்கலைக்கழகம் அழைத்த டீம்தான் அவன் இருந்த மாநிலத்து அப்பலாச்சியன் ஸ்டேட். தர வரிசையில் மிச்சிகன் ஐந்தாவது. அப்பலாச்சியன் மிச்சிகன் ஆடுகிற மேல் பிரிவிலேயே இல்லை. செப்டம்பர் 1-ம் தேதி, லட்சம் பேருக்கு மேல் நிறைந்த ஸ்டேடியத்தில், மிச்சிகனின் கடைசி உதையைத் தடுத்து 34-32 என்று ஜெயித்துவிட்டார்கள். "சார், நம்மளும் மேட்ச் கேட்டுப் போவோமே, அதே மாதிரி சார்" என்றான்.

அவன் சந்தோஷத்தில் நானும் கலந்துகொண்டேன். ஆனால் பிறகு யோசித்தபோது எனக்கு நெருடியது வேறு. அங்கே கடைசியில் பட்டத்துக்கு ஆடப்போகும் டீம்களைத் தேர்ந்தெடுக்கும் குழு, வருடம் முழுக்க யாரோடு ஆடினாய் என்று பார்க்கிறது. 2024 முதல் 12 டீம்களை அப்படி எடுக்கிறார்கள். எளிய டீமாகப் பொறுக்கி ஆடியவன் அங்கே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கம் அந்தக் கேள்வியே இல்லை. ஒரு பிசிக்கல் டைரக்டர் வருடம் முழுக்க எளிய டீம்களோடு ஆடி நோட்டீஸ் போர்டை நிரப்பினாலும், இன்னொருவர் ஒரே ஒரு மேட்ச் கூடப் பிடிக்காமல் இருந்தாலும், காகிதத்தில் இருவரும் ஒன்று. எந்தக் கல்லூரி எத்தனை வெளி மேட்ச் ஆடியது, யாரோடு ஆடியது என்று பல்கலைக்கழகங்கள் கேட்க ஆரம்பித்தால் போதும், வடசென்னையிலும் செங்கல்பட்டிலும் திருவள்ளூரிலும் பையன்களின் ஆட்டம் இரண்டே வருடத்தில் மாறும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நான் இருந்த கூட்டங்களிலெல்லாம் இதைச் சொன்னேன். மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள்.

கேரளம் போய் வந்த அந்த வருடமே ஸோனில் பழைய ஹாஸ்டல் கல்லூரியைக் கால் இறுதியில் மறுபடி பார்த்தோம். 1-1 வரை இழுத்து, பெனால்டியில் விட்டோம். எங்கள் ஸ்டாப்பரும் அந்த வியாசர்பாடிப் பையனும் யுனிவர்சிட்டி டீமுக்குத் தேர்வானார்கள். ஸ்டாப்பர் இன்றைக்கு ரயில்வேயில் இருக்கிறான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின ஜூலையில் ஒரு போன் வந்தது. குரலைக் கேட்டதுமே தெரிந்தது. 2003-ல் முட்டி போன எர்ணாவூர்ப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கே அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை. சாயங்காலம் பேட்டைப் பிள்ளைகள் இருபது பேரை வைத்துப் பழக்குகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"சார், என் பசங்களுக்கு உங்க காலேஜ் டீமோட ஒரு மேட்ச் வேணும் சார்."

"உன் பசங்க எந்த வயசு?"

"பதினாறு, பதினேழு."

"எங்க பசங்க பெரியவங்கப்பா. இந்த வருஷம் நல்லாவும் ஆடுறாங்க."

"தெரியும் சார். போன வாரம் வந்து பாத்துட்டுத்தான் கேக்குறேன். எங்க ரைட் சைடு ரொம்ப வீக். உங்க லெஃப்ட் அவுட் அங்கதான் வருவான். அதுக்குத்தான் கேக்குறேன்."

நான் நோட்டை எடுத்தேன். இதற்கு முன்னால் கடைசியாக எப்போது மேட்ச் ஆடினார்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு நாள் ஆகிறது என்றான். எத்தனை பேர் பெஞ்சில் என்றேன். ஏழு. ஐஸ் கொண்டு வருவாயா என்றேன். பாக்ஸ் நிறையக் கொண்டு வருகிறேன் சார் என்றான்.

ஞாயிறு, காலை ஆறரை, 60 நிமிஷம் என்று எழுதிக்கொண்டேன்.